ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு சிட்டிகைத் திருநீறும்

பிலோமினா பிடித்த பிடியில் என் கைக்கடிகாரத்தின் வார் அறுந்துவிடும் போலிருந்தது. பிள்ளை பெற்றுக் கால் மணி நேரம்கூட ஆகாத பெண்ணுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. டாக்டரம்மா குனிந்து அவளுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடியில் வெள்ளை பெயின்ட் அடித்திருந்தும் மத்தியான வெயில் உள்ளே வந்தது. லேபர் ரூம் முழுக்கப் பினாயில் வாசனை.

"சிஸ்டர், கொயந்த அழுவலியே" என்றாள்.

அழவில்லைதான். பிறந்ததும் ஒரே ஒரு தடவை முனகியதோடு சரி. பக்கத்து அறையில் மேசை விளக்கின் சூட்டில், பஞ்சு சுற்றிப் படுக்க வைத்திருந்தோம். ஆயா ஆக்ஸிஜன் குழாயை அதன் மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றாள். மாதம் நிறையாத ஆண் பிள்ளை. உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன.

"எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் சொல்லியாச்சு. நீ பேசாமப் படு" என்றேன்.

"கார் வர்றதுக்குள்ள ஒரு டம்ளர் தண்ணி எடுத்துகினு போயி அது தலையில ஊத்துங்க சிஸ்டர். நான் சொல்றத அப்டியே சொல்லிகினே ஊத்தணும்."

எனக்கு வந்ததே கோபம். சூடு குறைந்துவிடக் கூடாது என்று நாங்கள் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறோம், இவள் தலையில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறாள். "உனக்கென்ன பைத்தியமா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். என் வாய் அப்போதும் இப்படித்தான்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "மொத கொயந்தைக்கு ஊத்தல சிஸ்டர். இதுக்காச்சும் ஊத்துங்க" என்றாள்.

மூத்தவள்

எண்பதுகளின் நடுப்பகுதி அது. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த அந்தச் சின்ன நர்ஸிங் ஹோமைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்ஸ், ஒரு ஆயா. அந்த நர்ஸ்களில் ஒருத்தி நான், சரோஜா. சேலையூரிலிருந்து தாம்பரம் வரை பஸ், தாம்பரத்திலிருந்து மின்சார ரயில். கல்யாணம் ஆகாத வயசு, வாய் மட்டும் நாலு பிள்ளை பெற்றவள் வாய்.

பிலோமினா பல்லாவரத்துக்காரி. அவள் கணவன் சேவியருக்குத் தோல் பதனிடும் பட்டறையில் வேலை. மாதாமாதம் அவளைச் செக்கப்புக்குக் கூட்டிவருவான். தன் மேல் அடிக்கிற தோல் வாசனைக்குக் கூச்சப்பட்டு வெளியே வேப்ப மரத்தடியிலேயே நின்றுகொள்வான். அதனால் உள்ளே நானும் அவளும் தனியாகப் பேசக் கிடைக்கும். வயிற்றை அளக்கும்போது அவள் பேசிக்கொண்டே இருப்பாள்.

அப்படித்தான் மூத்த குழந்தையின் கதை தெரிந்தது. பெண் குழந்தை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டிலேயே பிறந்து, ஒரு மணி நேரம்கூடத் தங்காமல் போய்விட்டது. ஞானஸ்நானம் கொடுக்காத குழந்தை என்பதால் கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களோடு சேர்த்து அதைப் புதைக்கவில்லை. பின்பக்கச் சுவரை ஒட்டி, சாமியார் மந்திரித்துப் புனிதமாக்காத மூலை ஒன்று இருக்கிறதாம். அங்கே புதைத்தார்கள்.

"ஏன், அது என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல சிஸ்டர். எல்லாருமே ஜென்மப் பாவத்தோடதான் பொறக்குறோம். ஆதாம் ஏவாள் பண்ணது. தண்ணி ஊத்துனாத்தான் அது போவும்."

தடுப்பூசிக்குத் தேதி சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. ஒரு மணி நேரம் உயிரோடு இருந்த குழந்தை. கண்ணைக்கூட முழுசாகத் திறந்திருக்காது. அதற்குப் பாவமா?

"அப்போ அது எங்க போயிருக்குமாம்?"

"மோட்சமும் இல்ல, நரகமும் இல்லியாம். நடுவுல ஒரு எடத்துல நிக்குமாம். எங்க மாமியா சொல்றாங்க" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது.

அந்தக் குழந்தை போன பிறகுதான், ஆபத்துச் சமயத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தெரியவந்தது. கோயிலில் யாரோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்கள். (அவர்கள் சர்ச் என்று சொல்வதில்லை. கோயில், சாமியார், பூசை, தேர், தீர்த்தம் என்று எங்கள் வார்த்தைகளாகவே இருக்கும். முதலில் எனக்கு அது பெரிய ஆச்சரியம்.) அன்றிலிருந்து சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனப்பாடமாக வைத்திருந்தாள்.

நான் இந்துவாச்சே

லேபர் ரூமுக்குத் திரும்புவோம். சேவியர் சாமியாரைக் கூட்டிவர சைக்கிளை எடுத்துக்கொண்டு பல்லாவரத்துக்குப் பறந்திருந்தான். "உன் வீட்டுக்காரர் சாமியாரோட வந்துருவார். அதுவரைக்கும் பொறு" என்றேன்.

"சாமியார் இல்லன்னா?"

என்னிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. "நான் இந்துவாச்சே" என்றேன்.

"இந்துவா இருந்தாலும் பரவால்ல. ஆபத்துல யாரு வேணா குடுக்கலாம். நான் நல்லா கேட்டு வச்சிகினுகீறேன்."

டாக்டரம்மா தலையைத் தூக்காமலே பேசினார். "சரோஜா, இவ பிரஷர் ஏறிட்டே போகுது. சொல்றதைச் செஞ்சிட்டு வந்துரு. வெதுவெதுன்னு கொஞ்சமா ஊத்து. உடனே துடைச்சுரு."

பிலோமினா பிள்ளைக்கு வைக்க வேண்டிய பேரையும் வார்த்தைகளையும் சொன்னாள். நான் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினேன். அப்புறம்தான் என் கையை விட்டாள்.

கொதித்து ஆறிய தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். ஆயா என்னை விநோதமாகப் பார்த்தாள். "அந்தோணி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே மூன்று தடவை நெற்றிக்கு மேலே தண்ணீர் விட்டேன். குழந்தை முகத்தைச் சுளித்து ஒரு பெரிய மூச்சு இழுத்தது. உடனே யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். மேலே தண்ணீர் பட்டால் எந்தப் பச்சைக் குழந்தையும் அப்படி மூச்சிழுக்கும். எனக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தது அது.

தலையைப் பஞ்சால் துடைத்தேன். வேலை முடிந்தது. அத்தோடு வந்திருக்க வேண்டியதுதானே?

என் அம்மா தினமும் காலையில் கோயில் திருநீற்றைத் தாளில் மடித்து என் பர்ஸில் வைத்து அனுப்புவாள். மூச்சுக்குத் திணறுகிற பிள்ளை எதுவாக இருந்தாலும் அதன் நெற்றியில் ஒரு சிட்டிகை வைப்பது என் வழக்கம். யோசித்துச் செய்வதில்லை, கை தன்னால் போகும். அன்றும் போனது. ஞானஸ்நானத் தண்ணீரின் ஈரம் காயாத நெற்றியில் திருநீறு பளிச்சென்று ஒட்டிக்கொண்டது.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அழிக்கப் போனேன். அதற்குள் வாசலில் கார் வந்து ஹாரன் அடித்தது. பின்னாலேயே சேவியர், தனியாக, வியர்த்து வழிந்துகொண்டு வந்தான். சாமியார் வேறு ஊருக்குப் பூசை வைக்கப் போயிருந்தாராம்.

குழந்தையை அவன் கையில் கொடுத்தோம். நெற்றியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இன்னா சிஸ்டர் இது?"

"ஞானஸ்நானம் குடுத்தாச்சு. நீ கெளம்பு" என்றேன்.

பாவம், அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ரயிலில் ஒரு பிரசங்கி

அந்த வாரம் முழுக்க எனக்கு இதே யோசனை. யாரோ பண்ணின பாவம் எப்படி ஒரு பச்சைப் பிள்ளை தலையில் வந்து உட்காரும்? அதை ஒரு டம்ளர் தண்ணீர் எப்படிக் கழுவும்? எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சாப்பாடு இறங்காது.

அம்மாவிடம் கேட்டேன். "எல்லாம் போன ஜென்மத்துல பண்ணதுதான்" என்றாள் அம்மா, அரிசி களைந்துகொண்டே.

"அது அவங்கவங்க பண்ணது. இவங்க சொல்றது வேற யாரோ பண்ணது."

"போன ஜென்மத்துல நீ யாருன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"அப்போ அதுவும் யாரோ பண்ணதுதானே" என்று சொல்லிவிட்டு அரிசியை உலையில் போடப் போய்விட்டாள்.

சாயங்கால ரயிலில் அப்போது ஒரு பிரசங்கி வருவார். கையில் கஞ்சிரா, தோளில் ஜோல்னாப் பை. ஒரு பாட்டுப் பாடிவிட்டு, பெட்டியில் இருக்கிற எல்லோரையும் பாவிகளே என்று கூப்பிடுவார். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவளைப் பாவி என்றால் எப்படி இருக்கும்? வழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அன்றைக்கு நானே இடம் விட்டு உட்காரச் சொன்னேன். ஆளுக்கு ஒரே குழப்பம். அவரை யாரும் உட்காரச் சொன்னதே இல்லை போலிருக்கிறது.

"நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று கேட்டேன்.

"நீங்க பண்ணத உடும்மா. ஆதாம் பண்ணதே போதும்."

"அவர் பண்ணா நான் ஏன் சுமக்கணும்?"

அவர் கஞ்சிராவை மடியில் வைத்துக்கொண்டார். "எந்த ஊரு நீங்க?"

"சேலையூர்."

"சொந்த ஊரே அதானா? நெலம் இருந்திச்சா?"

"இருந்துச்சு. எங்க அப்பா பிளாட் போட்டு வித்துட்டார்."

"வித்தது யாரு? இப்ப நெலம் இல்லாம நிக்கறது யாரு?"

எனக்குச் சுருக்கென்றது. ஏரிக்கரை வரைக்கும் எங்கள் நிலம் இருந்தது. எனக்கு விவரம் தெரிவதற்குள் அங்கே காலனி வந்து, தெருவுக்குப் பெயர்ப் பலகையும் வைத்துவிட்டார்கள். விற்றதில் என் கையெழுத்து இல்லை. ஆனால் இல்லாமல் போனது எனக்கும்தான். முதல் தடவையாக அந்த ஜென்மப் பாவம் எனக்குக் கொஞ்சம் பிடிபட்ட மாதிரி இருந்தது.

"சரி, போன நெலத்தை எப்படித் திரும்ப வாங்கறது?"

"நீங்க வாங்க முடியாதும்மா. அதுக்கு உண்டான சக்தி நம்ம யாருகிட்டயும் இல்ல. ஒருத்தர் வந்து, இந்தா பத்திரம், எனக்கு ஒண்ணும் வாணாம், வச்சிக்கோன்னு கையில குடுக்கறாரு. அதான் கிருபை. நம்ம வேல இன்னா? கைய நீட்டி வாங்கிக்கறது ஒண்டிதான்."

அந்த ஆளை நான் குறை சொல்லவில்லை, அழகாகத்தான் சொன்னார். ஆனால் தாம்பரம் சுற்று வட்டாரத்தில் பத்திரத்தைச் சும்மா நீட்டுகிற மனிதரை எந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அப்படி ஒருத்தர் இருந்தா அட்ரஸ் வாங்கிட்டு வா, உங்க அப்பாவை அனுப்பறேன்" என்றாள்.

ஃபாதரின் விசாரணை

குழந்தை பிழைத்தது. எழும்பூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் சில வாரம் வைத்திருந்து, எடை கூடியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் போய்ப் பார்த்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதன் அம்மாவின் பிடி அப்படியே இருந்தது.

பிரச்சினை பிலோமினாவின் மாமியார் தெரேசம்மாவிடமிருந்து வந்தது. எழும்பூரில் முதல் வேலையாக அந்தத் திருநீற்றைப் புடவை முந்தானையால் துடைத்தது அவர்தான். சாம்பல் பூசின ஞானஸ்நானம் செல்லாது, கோயிலில் ஒழுங்காக இன்னொரு தடவை கொடுக்க வேண்டும் என்றார். அவர்கள் கோயில் சாமியாரான ஃபாதரோ, ஏற்கெனவே கொடுத்தது செல்லுமென்றால் இரண்டாவது தடவை கொடுக்கவே கூடாது, கொடுத்தவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு நாள் குறித்து வந்து கூப்பிட்டான் சேவியர். "ஒரே பேஜாரா போச்சு சிஸ்டர். நீங்க வந்து நடந்தத சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சிடும்."

வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையில் ஆடு, கோழி, பழைய இரும்பு, பழைய துணி எல்லாவற்றையும் தாண்டித்தான் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. வழியெல்லாம் தெரேசம்மா பேசிக்கொண்டே வந்தார். பிலோமினா வாயே திறக்கவில்லை. குழந்தையின் ஞானஸ்நானம் செல்லாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன். "நான் சரியாத்தான் ஊத்தினேன், கவலைப்படாதே" என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஃபாதர் தெற்கத்திக்காரர், நடுத்தர வயது. எல்லோரையும் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"ஊத்துனது நீங்கதானாம்மா?"

"நான்தான்."

"பிள்ளைக்கு உயிர் இருந்ததா அப்ப? அது முக்கியம். உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் குடுக்க முடியும்."

"இருந்துச்சு. அதான் இப்போ சேவியர் மடியில கொட்டாவி விட்டுட்டிருக்கு."

"தண்ணி ஓடிச்சா, இல்ல தொட்டு வச்சீங்களா?"

"ஓடுச்சு. மூணு தடவை."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன், ஒரு எழுத்துப் பிசகாமல். தெரேசம்மா வாயைப் பிளந்தார்.

"சாம்பல் அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"எதுக்குப் பூசினீங்க?"

"பிழைக்கணும்னுதான்."

"சரி. ஞானஸ்நானம் குடுக்கும்போது என்ன நினைச்சுக் குடுத்தீங்க? ஜென்மப் பாவம் போகணும்னா?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்தாலும் கோயிலுக்குள் உட்கார்ந்து சொல்ல மாட்டேன். "ஃபாதர், பிறந்து கால் மணி நேரம்கூட ஆகாத பிள்ளைக்குப் பாவம் இருக்குன்னு நான் நம்பவே இல்ல. இப்பவும் நம்பல."

"அப்ப எதுக்கு ஊத்துனீங்க?"

"இவ கேட்டா. இவங்க கோயில்ல ஊத்தினா என்ன ஆகுமோ, அது இந்தப் பிள்ளைக்கும் ஆகட்டும்னு நினைச்சேன். வேற ஒண்ணும் நினைக்கல."

போச்சு, காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்று நான் நினைக்க, அவர் பளிச்சென்று சிரித்தார். "அது போதும். திருச்சபை எதைச் செய்யுதோ அதைச் செய்யணும்னு நினைச்சா போதும். சாம்பலைப் பத்திக் கவலை இல்ல. இது செல்லும்."

தெரேசம்மாவுக்கு ஆறவில்லை. "அது எப்டி சாமி? நம்பாதவங்க ஊத்துனா எப்டி செல்லும்?"

"ஊத்துறவங்க யோக்கியதையைப் பாத்து அருள் வர்றதா இருந்தா, நான் ஊத்தினாலும் வராது தெரேசம்மா."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அப்போ பாவமும் இந்தப் பிள்ளை பண்ணல, மன்னிப்பும் இது சம்பாதிக்கல. ரெண்டுமே சும்மா வந்து சேருதா?"

"அதேதான்" என்றார் ஃபாதர். "இதுக்குத்தான் பச்சைப் பிள்ளைக்குக் குடுக்கிறோம். அது ஒரு செபம் சொல்லல, ஒரு நல்லது செய்யல. கேக்கக்கூட இல்ல. அப்பவும் குடுக்கிறார் ஆண்டவர்."

சேவியர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினான். தெரேசம்மாகூட வேறு வழியில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டார். நான் பிலோமினாவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் இல்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஃபாதர் பக்கம் திரும்பினாள்.

"அப்போ அன்னிக்கும் ஒரு டம்ளர் தண்ணி போதும். இல்லியா ஃபாதர்?"

யாருக்கும் சட்டென்று புரியவில்லை.

"மருத்துவச்சி இருந்தாங்க. பானை என் கைக்கெட்டற தூரத்துல இருந்திச்சு. தாகமா கீதுன்னு நான் மொண்டு குடிச்சேன். அந்தத் தண்ணிதான். அதுல ரெண்டு சொட்டு ஊத்திருந்தா என் பொண்ணு மோட்சத்துக்குப் போயிருக்கும். தெரியாம நான் குடிச்சிட்டேன்."

செல்லாது என்று சொல்லிவிடுவாரோ என்று அவள் பயப்படவில்லை. செல்லும் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் வந்திருக்கிறாள். ஒரு இந்து நர்ஸ், நம்பிக்கையே இல்லாமல், திருநீற்றுக் கையோடு ஊற்றியதே செல்லும் என்றால், அன்று அந்த வீட்டில் இருந்த யார் ஊற்றியிருந்தாலும் செல்லும்.

ஃபாதர் மெதுவாகச் சொன்னார். "தண்ணி ஊத்தணும்னு ஆண்டவர் நமக்குச் சொல்லியிருக்கார். தண்ணி இல்லாம தன்னால முடியாதுன்னு அவர் எங்கயும் சொல்லல."

"அப்போ எம்பொண்ணு மோட்சத்துல கீதா?"

"நிச்சயமாத் தெரியாதும்மா. அவ அங்கதான் இருக்கான்னு நான் நம்புறேன்."

எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மற்றவர்கள் வெளியே போனதும் நான் மட்டும் பின்தங்கி நேருக்கு நேர் கேட்டேன். "அவ அங்க இருக்கான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போவுது ஃபாதர்?"

"சொல்லலாம். நாளைக்குத் தனியா இருக்கும்போது, நம்ம மனசு ஆறட்டும்னு ஃபாதர் பொய் சொன்னார்னு அவளுக்குத் தோணிட்டா? அப்புறம் நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டா. இந்தப் பிள்ளையோட ஞானஸ்நானத்தையும் நம்ப மாட்டா."



பின்சுவர் ஓரம்

நவம்பர் தொடக்கத்தில் அவர்களுக்குக் கல்லறைத் திருநாள். செத்தவர்களின் கல்லறைகளைக் கழுவி, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பிலோமினா நர்ஸிங் ஹோமுக்கே வந்து என்னைக் கூப்பிட்டாள். "நீங்க கண்டிப்பா வரணும் சிஸ்டர்" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. எனக்கும் அந்த மூலையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்கச் சேறு, சாமந்தி வாசனை, மெழுகுப் புகை. தெரேசம்மா தன் கணவரின் கல்லறையருகே மண்டியிட்டுச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். சேவியர் அந்தோணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்களோடு நடந்தான்.

பின்சுவர் ஓரம் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அங்கே கல்லறை என்று ஒன்றும் இல்லை. நாலு செங்கல்லை ஓரங்களில் நட்டு வைத்திருந்தார்கள். சேவியர்தான் நட்டானாம். சிலுவை கிடையாது. பிலோமினா புல்லைக் கையாலேயே பிடுங்கி ஒதுக்கினாள். மெழுகுவத்தி ஏற்றினாள். பைக்குள்ளிருந்து ஒரு செம்பை எடுத்தாள். நிறையத் தண்ணீர்.

"ஊத்துங்க சிஸ்டர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பிலோமினா, ஃபாதர் சொன்னாரில்ல? உயிரோட இருக்கறவங்களுக்குத்தான். இது செல்லாது."

"தெரியும்."

"அப்புறம்?"

"நான் ஊத்துனா தப்பு. எங்க வூட்டுக்காரரு ஊத்துனாலும் தப்பு. எங்க சட்டம் எங்களுக்குத் தெரியும்" என்றாள். "நீங்கதான் நம்பலியே. உங்களுக்கு இன்னா சட்டம்?"

நான் சேவியரைப் பார்த்தேன். அவன் தடுக்கவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

கிண்டலாகச் சொல்லவில்லை அவள். குற்றமாகவும் சொல்லவில்லை. நம்பிக்கை இருப்பதால் தன்னால் செய்ய முடியாத ஒன்றை, நம்பிக்கை இல்லாத ஒருத்தியிடம் கேட்டாள். என்னுடைய அவநம்பிக்கை யாருக்காவது உதவும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

செம்பை வாங்கிக்கொண்டேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தேன். வார்த்தைகள் ஞாபகம் இருந்தன. முதல் வார்த்தைதான் இல்லை.

"பேர் சொல்லி ஆரம்பிக்கணுமே" என்றேன்.

"பேரு வெக்கல சிஸ்டர்" என்றான் சேவியர். "அதுக்குள்ளதான் போயிடுச்சே."

"வெச்சேன்" என்றாள் பிலோமினா. "வயித்துல கீறப்பவே வெச்சிட்டேன். அமலா."

சேவியர் சடாரென்று அவள் பக்கம் திரும்பினான். இத்தனை நாளில் அவனிடம்கூட அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை.

நான் அவர்கள் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி, "அமலா" என்று கூப்பிட்டு, தண்ணீரை ஊற்றினேன்.